கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்குதா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி வோல்டேஜைக் குறைங்க

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், வீட்டில் கேமிங் பிசி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை வந்துவிடும். ஜனவரியில் 70 டிகிரியில் அமைதியாக ஓடிய அதே கிராஃபிக்ஸ் கார்டு, மே மாதம் 84-ஐத் தொடும். ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர், "பின்னாடி என்ன சத்தம்?" என்று கேட்பார். அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். யூடியூபைத் திறப்பது, யாரோ ஒருவர் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி 15 டிகிரி குறைத்த வீடியோவைப் பார்ப்பது, கையோடு ஒரு டியூபை ஆர்டர் போடுவது.

அந்த வீடியோக்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் வரிசையைத் தலைகீழாகச் சொல்லித் தருகின்றன. காசு செலவில்லாமல், கார்டைக் கழற்றாமல், வாரன்ட்டிக்கு ஆபத்தில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கும்போது, பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும் பொருளின் ஸ்க்ரூவைக் கழற்றுவதில் இருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும்? அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: நல்ல பேஸ்ட் போடுவது யாருடைய வேலை? வாங்கியவருடையதா, விற்றவருடையதா?

ரிவ்யூவில் 70, நம்ம ஊரில் 84

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தனியாக நிற்கும் எண் கிடையாது. அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் உண்மையான மதிப்பெண். 22 டிகிரி அறையில் வைத்துச் சோதித்த வெளிநாட்டு ரிவ்யூ ஒன்றில் கார்டு 70 டிகிரி காட்டியது என்றால், அறையைவிட 48 டிகிரி அதிகம் என்று அர்த்தம். அதே கார்டை, அதே ஃபேன் வேகத்தில், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் வைத்தால் 36-உடன் 48-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 84 வந்துவிட்டது. கார்டில் பழுது எதுவும் இல்லை. அது வெயிலைத்தான் சொல்கிறது.

84 ஆபத்தா? உடனடி ஆபத்து இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு நிறுவனம் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 93 டிகிரி. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 90. வரம்பை நெருங்கும்போது சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதைத்தான் த்ராட்டிலிங் என்கிறார்கள். ஆக, கார்டு எரிந்துபோகும் என்ற பயம் தேவையில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சத்தம், குறையும் வேகம், வருடக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறித் தளர்ந்துபோகும் உள்பாகங்கள், எல்லாவற்றுக்கும் மேல், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பேஸ்ட் வீடியோக்கள் சொல்வதே இல்லை. 320 வாட் இழுக்கும் கார்டு, கிட்டத்தட்ட அந்த 320 வாட்டையும் வெப்பமாகவே வெளியே தள்ளுகிறது. உலகிலேயே சிறந்த பேஸ்ட்டைப் போட்டாலும் 320 வாட் 320 வாட்தான். சிப்பில் இருந்த சூடு இன்னும் சுலபமாக அறைக்கு வந்து சேரும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அப்படிப் பார்த்தால், 320 வாட் கார்டு முழு வேகத்தில் ஓடும் பத்துக்குப் பத்து அறையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். மே மாதத்தில். கதவைச் சாத்திக்கொண்டு.

பேஸ்ட் வெப்பத்தைக் கடத்தும், குறைக்காது. குறைக்க வேண்டுமென்றால் கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். நியூயார்க்கின் குளிர்கால அறையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏன், அவருக்கு அந்தச் சூடு இதமாகக்கூட இருக்கலாம். வேலூரிலும் திருச்சியிலும் இருப்பவருக்கு அதுதான் எல்லாமே.

வளர்ற பையனுக்குத் தைத்த யூனிஃபார்ம்

அப்படியானால் வோல்டேஜை எப்படிக் குறைப்பது? குறைத்தால் வேகம் போய்விடாதா?

ஒரே மாடல் கார்டுக்குள் இருக்கும் சிப்கள் எல்லாமே ஒரே தரத்தில் வருவதில்லை. சில சிப்கள் குறைந்த வோல்டேஜிலேயே நிலையாக ஓடும், சிலவற்றுக்கு அதிகம் தேவைப்படும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வோல்டேஜ் நிர்ணயிக்க நிறுவனத்துக்கு நேரம் இல்லை. அதனால் கூட்டத்தில் மிக மோசமான சிப்பும் தடுமாறாமல் ஓடும் அளவுக்கு, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிடுகிறார்கள். வளர்ற பையன் என்று சொல்லி ஸ்கூல் யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாகத் தைப்பது போல. பெரும்பாலான கார்டுகளில் அந்தத் தொளதொளப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துத் தைப்பதற்குப் பெயர்தான் அண்டர்வோல்ட்டிங்.

இதில் கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. சிப் இயங்கும்போது செலவாகும் மின்சக்தி, அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை, அதே வேகத்தில், 0.90 வோல்ட்டில் ஓட வைக்க முடிந்தால், இயக்கத்துக்கான மின்செலவு காகிதக் கணக்கில் 26 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. மெமரி, ஃபேன் போன்றவற்றின் செலவு இதில் சேராது என்பதால் மொத்தக் கார்டுக்கும் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்று, வேகத்தில் பெரிதாக எதையும் இழக்காமல் 260 வாட் பக்கம் இறங்குவது அபூர்வமான விஷயம் இல்லை.

அந்த 60 வாட் என்ன செய்யும்? மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 320 வாட்டில் அறையைவிட 48 டிகிரி அதிகம் என்றால், 260 வாட்டில் 39 டிகிரிதான் அதிகம். 84 காட்டிய கார்டு, அதே ஃபேன் வேகத்தில், அதே மே மாதத்தில் 75 காட்டும். ஸ்க்ரூ டிரைவர் மேசை டிராயரை விட்டு வெளியே வரவே இல்லை.

மின்கட்டணத்திலும் இது கொஞ்சம் தெரியும். தினமும் 4 மணி நேரம் விளையாடுபவருக்கோ ரெண்டர் போடுபவருக்கோ, 60 வாட் மிச்சம் என்பது தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 14 யூனிட் சொச்சம். பெரிய பணம் கிடையாது. ஆனால் ஏசி அறை என்றால், கார்டு வெளிவிடாத வெப்பத்தை ஏசியும் வெளியேற்ற வேண்டியதில்லை. அந்த மிச்சம் தனி.

செய்வது எப்படி?

மிகச் சுலபமான வழி, பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்த பிராண்ட் கார்டோடும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட் என்ற ஸ்லைடரை 100-இல் இருந்து 80-க்கு இழுத்தால் போதும். 320 வாட் கார்டு 256 வாட்டைத் தாண்டாது. பெரும்பாலான கேம்களில் ஃபிரேம் ரேட் சில சதவீதம் மட்டுமே குறையும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. இரண்டு நிமிட வேலை. "எனக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

வேகத்தை விட மனசில்லாதவர்களுக்கு அடுத்த படி. அதே ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ்-ஃப்ரீக்வன்சி கர்வ் என்று ஒரு வரைபடம் உண்டு. எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்பதை அது காட்டும். வழக்கமாக விளையாடும் கேமைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கார்டு எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் நிற்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, அதைவிடக் குறைந்த வோல்டேஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 0.90 என்று வைத்துக்கொள்வோம், அந்தப் புள்ளியை ஏறக்குறைய அதே வேகத்துக்கு உயர்த்திவிட்டு, அதற்கு வலது பக்கம் இருக்கும் கோடு முழுவதும் படுத்துவிடும்படி செய்ய வேண்டும். இனி கார்டு அந்த வோல்டேஜுக்கு மேல் போகவே போகாது. ஏஎம்டி கார்டு என்றால் இன்னும் சுலபம். நிறுவனத்தின் சொந்த அட்ரினலின் மென்பொருளிலேயே இதற்கான வசதி இருக்கிறது.

குறைந்த வோல்டேஜால் சிப்புக்குச் சேதம் வராது. வரக்கூடியது ஒன்றுதான்: போதவில்லை என்றால் கேம் கிராஷ் ஆகும், திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும். அப்படி ஆனால் 0.025 வோல்ட் ஏற்றிவிட்டு மறுபடி சோதிக்கலாம். பத்து நிமிட பெஞ்ச்மார்க் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "செட் ஆயிடுச்சு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெஞ்ச்மார்க்கில் மணிக்கணக்கில் நின்ற செட்டிங், ரே டிரேசிங் உள்ள கேம் ஒன்றில் ஐந்தே நிமிடத்தில் விழுவது சகஜம். ராத்திரி முழுக்க பிளெண்டரில் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள், கிடைத்த எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே வோல்டேஜை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2 டிகிரி மிச்சம் பிடிக்கப்போய், காலையில் கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நின்றிருந்தால் என்ன லாபம்?

இதோடு கேஸையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பக்கவாட்டு பேனலைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் குற்றவாளி கார்டு இல்லை, கேஸுக்குள் காற்று போகவர வழியில்லாததுதான். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் சிபியுவைத் தள்ளி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே எந்த பேஸ்ட்டும் எடுபடாது.

மூன்று எண்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது

இதையெல்லாம் செய்த பிறகும் சில கார்டுகள் அடங்காது. அப்போதுதான் பேஸ்ட், பேட் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும் முன் ஹெச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட் மென்பொருளில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: சிப்பின் பொது வெப்பநிலை, சிப்பிலேயே மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட், மெமரி.

சிப்புக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. 25, 30 என்று விரிந்தால், சிப்பின் ஏதோ ஒரு பகுதிக்கு மேல் பேஸ்ட் விலகியிருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாக அமரவில்லை என்று சந்தேகிக்கலாம். முதல் எண் மட்டும் அழகாக 72 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஹாட்ஸ்பாட் 105-ஐத் தொட்டு, கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது எண்ணின் கதைதான் இதில் சுவாரஸ்யம். 2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3080, 3090 இரண்டிலும் ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற புதிய வகை மெமரி இருந்தது. வேகம் அதிகம், சூடும் அதிகம். 3090-இல் 24 மெமரி சிப்கள். அவற்றில் பாதி போர்டின் பின்பக்கத்தில், ஃபேன் காற்று நேரடியாகப் படாத இடத்தில். 2021 தொடக்கத்தில் அந்த மெமரியின் வெப்பநிலையைக் காட்டும் வசதி மென்பொருள்களுக்கு வந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். சிப் 65 டிகிரியில் சமர்த்தாக இருக்க, மெமரி 110 டிகிரியில் த்ராட்டில் ஆகிக்கொண்டிருந்தது. அதுவரை அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாருக்கும் அந்த எண் காட்டப்படவில்லை. தெர்மல் பேடை மட்டும் மாற்றியவர்கள் 10, 20 டிகிரி குறைந்ததைப் பார்த்தார்கள். கார்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பேடின் விலை சில்லறை.

பொருள் என்னவெல்லாம் இருக்கிறது?

சிப்பின் மேற்பரப்பும் ஹீட்சிங்க்கின் அடிப்பரப்பும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடு பள்ளம்தான். இடையில் சிக்கும் காற்று, தாமிரத்தைவிடச் சுமார் 15,000 மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. பேஸ்ட்டும் தாமிரத்துக்குப் பக்கத்தில் வர முடியாது. அதனால் தேவையான இடத்தை நிரப்பி, முடிந்தவரை மெல்லிசாக இருக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் சிப்புக்கு, பிராசஸருக்கு இருப்பது போல் மேலே உலோக மூடி கிடையாது. ஹீட்சிங்க் நேரடியாக சிலிக்கான் மேல் உட்காருகிறது. 3080-இன் சிப் பரப்பு 628 சதுர மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தபால்தலை அளவு. சூடாகும்போது விரிந்தும் ஆறும்போது சுருங்கியும் இது பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். இதற்குப் பம்ப்-அவுட் என்று பெயர். பிராசஸரில் பிரமாதமாக வேலை செய்த, தண்ணீர் மாதிரி இளகிய காஸ்ட்லி பேஸ்ட் கிராஃபிக்ஸ் கார்டில் மூன்று மாதத்தில் பழைய எண்ணுக்கே திரும்புவதற்கு இதுதான் காரணம். "15 டிகிரி குறைஞ்சது" வீடியோ, பேஸ்ட் போட்ட அன்றைக்கே எடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பிரச்சினைக்கு இன்றைக்கு இருக்கும் நல்ல பதில், நிலை மாறும் ஷீட். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 இதில் பிரபலம். அறை வெப்பநிலையில் மெழுகுத் தாள் மாதிரி இருக்கும். சுமார் 45 டிகிரியில் இளகி மேடு பள்ளங்களில் இறங்கிவிடும், ஆறினால் மறுபடி இறுகும். பேஸ்ட் போல் வெளியே ஓடாது என்பதால் வருடக்கணக்கில் தாங்கும். லெனோவோவின் லீஜன் வரிசை லேப்டாப்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே இந்த வகைப் பொருள்தான் வைக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் இந்தத் தாளைப் பிரிப்பது பெரிய ரோதனை, கையோடு கிழிந்து வரும். ஒட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் பின்தாள் சுலபமாக உரியும். போட்ட உடனே முழுப் பலன் தெரியாது. சில முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகே படியும். போலிகளும் சந்தையில் உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.

தெர்மல் பேட் விஷயத்தில் தரத்தைவிட தடிமன் முக்கியம். இதைத்தான் ரொம்பப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மெமரி மேல் 1 மிமீ இருக்க வேண்டிய இடத்தில், "கொஞ்சம் தடிமனா இருந்தா நல்லதுதானே" என்று 1.5 மிமீ வைத்தால், அந்த அரை மில்லிமீட்டர் ஹீட்சிங்க்கைத் தூக்கிப்பிடித்துக்கொள்ளும். மெமரி குளிரும், நடுவில் இருக்கும் சிப் ஹீட்சிங்க்கைத் தொடாமல் கொதிக்கும். மெல்லிசாக வைத்தால் மெமரி தொடாது. கார்டின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தடிமன் வேறு. சரியான அளவு தெரியாதபோது, களிமண் மாதிரி அமுங்கிக்கொடுக்கும் தெர்மல் புட்டி பாதுகாப்பான தேர்வு. இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு அதுவே நசுங்கிக்கொள்ளும்.

லிக்விட் மெட்டல் பற்றி ஒரே வரி: வேண்டாம். சோனி பிஎஸ்5-இலும், 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090-இன் ஃபவுண்டர்ஸ் எடிஷனிலும் அது இருக்கிறது என்பது உண்மைதான். அங்கே கசியாமல் தடுக்கும் அமைப்பையும் சேர்த்து வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு சொட்டு வழிந்தால் ஷார்ட் சர்க்யூட். அலுமினியம் ஹீட்சிங்க்கில் பட்டால் அதிலுள்ள காலியம் அந்த உலோகத்தையே அரித்துவிடும்.

யார் செய்ய வேண்டிய வேலை இது?

மேலே படித்ததையெல்லாம் ஒரு நொடி தள்ளி நின்று பார்த்தால் கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் தாளை வைப்பது, அரை மில்லிமீட்டர் கணக்கு, கர்வில் புள்ளியை இழுப்பது. ஃபிரிட்ஜ் வாங்கியவர் கம்ப்ரஸருக்கு கேஸ் மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவர் மட்டும் ஏன் வெப்பப் பொறியியல் படிக்க வேண்டும்?

நல்ல பேட், நிலை மாறும் ஷீட் ஆகியவை தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கும்போது கார்டின் விலையில் கண்ணில் படாத தொகை. அதை மிச்சம் பிடித்துவிட்டு, பெட்டியின் மேல் ஆர்ஜிபி விளக்குப் படம் போட்டு விற்பது ஒரு தேர்வு. அந்தத் தேர்வின் விலையை வாங்கியவர் கட்டுகிறார்.

பொருளில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் துறைக்குத் தெரியாததும் இல்லை. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிவப்பு விளக்குப் பழுதுக்காக வாரன்ட்டியை நீட்டித்து, 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. சூடேறி ஆறும் சுழற்சியில் சிப்புக்குள் இருந்த இணைப்புகள் விட்டுப்போனதுதான் காரணம். அடுத்த ஆண்டே, 2008 ஜூலையில், லேப்டாப் சிப்களில் பலவீனமான பேக்கேஜிங் பொருள் இருந்ததற்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டிவந்தது. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றின் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த டெர்பாவர் என்ற ஓவர்கிளாக்கர் பல கார்டுகளை வாங்கிச் சோதித்து, கூலருக்குள் இருக்கும் வேப்பர் சேம்பரைச் சுட்டிக்காட்டினார். அடுத்த மாதமே, அதற்குள் போதிய நீர் இல்லாததுதான் காரணம் என்று ஏஎம்டி ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றித்தர முன்வந்தது. இந்தப் பழுதை எந்த பேஸ்ட்டாலும் சரிசெய்திருக்க முடியாது. வீட்டிலேயே திறந்து பார்த்து வாரன்ட்டியை இழந்தவர் யாராவது இருந்தால், அவர்தான் ஏமாந்தவர்.

வாரன்ட்டி காலத்தில் இருக்கும் கார்டின் ஹாட்ஸ்பாட் 105-ஐத் தாண்டினால் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது என்பது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதே சரி. "நார்மல்தான் சார்" என்று திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் அந்தக் குட்டி ஸ்டிக்கர் விஷயத்துக்கும் வரலாம். அமெரிக்காவில், அதைக் கிழித்தால் வாரன்ட்டி போய்விடும் என்று மிரட்டுவது சட்டப்படி செல்லாது என்று 2024 ஜூலையில் ஃபெடரல் டிரேட் கமிஷன், கிகாபைட், ஸோடாக், ஏஎஸ்ராக் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் அது தகவல் தரும் தளம், சட்டம் கிடையாது. கார்டைத் திறந்து தூசு தட்டிவிட்டு பேஸ்ட் மாற்றுவது பராமரிப்பு என்று சட்டம் சொல்லும் வரை, அந்த ஸ்டிக்கருக்கு இங்கே இருக்கும் மரியாதை அப்படியேதான் இருக்கும்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் பேட் தடிமனை இணையதளத்தில் போடுங்கள். ஒரு பக்கம், ஒரு அட்டவணை, போதும். 35 டிகிரி அறையில் சோதித்த எண்ணையும் போடுங்கள், இந்தியாவில் விற்கிறீர்கள் அல்லவா? வாங்குபவர்களும் ஆர்டர் போடுவதற்கு முன், ரிவ்யூவில் அறை வெப்பநிலை சொல்லியிருக்கிறார்களா, ஹாட்ஸ்பாட், மெமரி எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தேரியம் மைனிங் 2022 செப்டம்பர் 15-உடன் நின்றுபோனது. அதற்கு ஓடி ஓடி உழைத்த 3080, 3090 கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் ஆடியது என்பதாலேயே கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த வேலை சிப்பைவிட மெமரியைத்தான் வாட்டும், பேட்கள் காய்ந்து எண்ணெய் கக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கடையிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு மெமரி வெப்பநிலையைப் பார்த்துவிட்டு விலை பேசலாம். 100-ஐத் தாண்டினால், பேட் மாற்றும் செலவையும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டியதுதான்.

புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வாங்குபவர்களுக்கு அந்த மூன்று எண்களில் ஒன்று கிடைக்காது. சிப், மெமரி வெப்பநிலைகள் தெரியும். ஹாட்ஸ்பாட் எண்ணை மட்டும் என்விடியா இந்த வரிசையில் மென்பொருள்களுக்குக் காட்டுவதில்லை. 2021 வரை மெமரி எண் மறைந்திருந்தபோது என்ன நடந்தது என்பது 3090 வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்.